அந்தக் கொடியைப் போட்டது யார் கை

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டு, சொட்டு நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துத்தான் உள்ளே எடுத்துப் போவேன். வீட்டுக்காரர் ஓவர்டைம் என்று சொன்னால் சட்டையை முகர்ந்து பார்ப்பேன், கிரீஸ் வாசனை வந்தால்தான் தட்டு வைப்பேன். இதில் எனக்கு வெட்கமே கிடையாது. கெட்டிக்காரி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். ஆண்கள் காலைச் சங்குக்குப் போனால் சாயங்காலச் சங்குக்குத்தான் திரும்புவார்கள். நடுவில் பெண்கள் வம்பு பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று ஓர் அதிகாரியின் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். அலங்கார ஓவியச் சங்கம். சமூகக் கூடத்தின் பின்பக்கம் ஓர் அறை கொடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் கூடுவோம். தலையணை உறை, மேசை விரிப்பு, மண்பானை, காலி பாட்டில், எது கையில் அகப்பட்டாலும் அதில் பூப் போடுவோம். வம்பு மட்டும் நின்றபாடில்லை.

அந்த அதிகாரி மனைவிதான் செயலாளர். நான் செய்தி எழுதுகிறவள். யார் என்ன வரைந்தார்கள், யாருக்குப் பெண் பிறந்தது, யார் பிரஷ்ஷைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போனார்கள் என்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு முழுத்தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பேன். கழுவாத பிரஷ் சமாச்சாரத்தைத்தான் எல்லாரும் முதலில் படிப்பார்கள்.

சங்கம் தொடங்கி ஒரு வருஷம் கழித்து அவள் வந்து சேர்ந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். நசரத்பேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், பேச்சிலேயே தெரிந்துவிடும். அவள் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் பெயின்டர். வண்டிகளுக்கு நம்பர் போடுவது அவர் வேலை. அதிகாரிகள் வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைகளும் அவர் எழுதியவை. எங்கள் அறை வாசலுக்கு மேலே சங்கத்தின் பெயரோடு ஒரு பலகை இருந்தது. ஓரத்தில் பச்சை இலைக்கொடி ஓடும். அதுவும் அவர் கைவேலை என்றுதான் ஊரே சொல்லும்.

அவளிடம் ஒரு விசித்திரம். அறையில் உட்கார்ந்து எதுவும் வரைய மாட்டாள். எங்கள் பிரஷ்களைக் கழுவிக் கொடுப்பாள், சாயம் கலந்து கொடுப்பாள். பச்சையில் எவ்வளவு மஞ்சள் விட்டால் வாழைக்குருத்து நிறம் வரும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கலந்துவிடுவாள். தன் துணியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய், அடுத்த வாரம் முடித்துக் கொண்டுவருவாள்.

"கூட்டத்துல எனுக்குக் கை வராதுக்கா. ஊட்லயே போட்டு எடுத்துகினு வந்துடறேன்" என்பாள்.

எனக்கு மூக்கு வேர்த்தது. காரணம், அவள் கொண்டுவந்த தலையணை உறை அவ்வளவு நன்றாக இருந்தது. நாங்கள் பென்சிலால் இலையின் ஓரத்தைக் கீறி, உள்ளே சாயத்தை அப்பி, வெளியே வழிந்ததை ஊசியால் சுரண்டுவோம். அவள் துணியில் ஒவ்வொரு இலையும் ஒரே இழுப்பு. ஒரு பக்கம் கரும்பச்சை, மறுபக்கம் இளம்பச்சை, நுனி இடப்பக்கம் லேசாக வளைந்திருக்கும். பென்சில் கோடே இல்லை. சங்கத்துக்கு வந்து ஆறு மாதம் பழகின கையா இது?

வருஷத்துக்கு ஒரு கண்காட்சி உண்டு. தொழிற்சாலையின் பெரிய அதிகாரி வந்து திறந்து வைப்பார். வருஷத்தின் சிறந்த வேலையை வாசலுக்கு நேரே தொங்கவிட்டு, கீழே போட்டவர் பெயரை அட்டையில் எழுதி வைப்போம். அந்த வருஷம் என் மேசை விரிப்புக்குத்தான் அந்த இடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து பிரித்தாள். நாலு ஓரமும் கொடி, நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. இதுதான் வாசலுக்கு என்று செயலாளர் அம்மா அங்கேயே சொல்லிவிட்டார்.

அவள் முகம் சிவந்துபோய்விட்டது. "கீழ பேரு எழுதுவீங்களாமே. என் பேருதானே எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

"பின்னே யார் பேரை எழுதறது?" என்றார் செயலாளர் அம்மா.

"இல்ல, அவுரு பேரு போட்டுடப் போறீங்களோன்னு கேட்டேன்."

போகிறபோது இன்னொரு தடவையும் கேட்டாள். அந்த அட்டையில் தன் பெயர் வருவதில் அவளுக்கு அவ்வளவு ஆசை. எனக்கோ அந்த 'அவுரு பேரு' தலைக்குள் குடைய ஆரம்பித்தது. மடியில் கனமில்லாதவள் எதற்கு இப்படிக் கேட்கிறாள்?

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. உறைமோர் கேட்கிற சாக்கில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். என் வீட்டில் உறைமோர் இருந்தது. கதவைத் திறக்க நேரமானது. உள்ளே டர்பன்டைன் வாசனை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள். கூடத்தில் பாதி எழுதின பெயர்ப்பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது, அதற்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பிரஷ். எனக்கு வேறென்ன வேண்டும்? மோரை வாங்கிக்கொண்டு வந்து வாய்க்காலில் கொட்டினேன்.

சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய், முக்காலி போட்டு ஏறி, வாசல் பலகையின் கொடியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அதே இலை. ஒரு பக்கம் கரும்பச்சை, மறுபக்கம் இளம்பச்சை, நுனி இடப்பக்கம் வளைவு. செயலாளர் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உனக்கு ஏன் இந்த வேலை" என்று சலித்துக்கொண்டே அவரும் ஏறிப் பார்த்தார். இறங்கும்போது அவர் முகம் மாறியிருந்தது.

அந்த மாதச் செய்தியில் இப்படி எழுதினேன்: "கண்காட்சிக்கு வரும் வேலைகள் உறுப்பினரின் சொந்தக் கையால் ஆனவையாக இருக்க வேண்டும். ஐயம் ஏற்பட்டால் அறையிலேயே செய்து காட்ட வேண்டும்." பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, வாய்வழியாக எல்லாருக்கும் நானே சொல்லி வைத்திருந்தேன். புருஷன் போட்டுக் கொடுக்கிறான், இவள் பேர் வாங்குகிறாள் என்று தண்ணீர்க் குழாய் வரைக்கும் பேச்சு போய்விட்டது.

அவள் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "சரிக்கா, போட்டுக் காட்டறேன்" என்றாள். இவ்வளவு தைரியமாகச் சொல்கிறாளே என்று அதற்கும் ஒரு சந்தேகப்பட்டேன்.

அடுத்த வாரம் ஒரு ஆள் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். பாயில் வெள்ளைத் துணியை விரித்துக் கொடுத்தோம். நான் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன், ஏதாவது தகிடுதத்தம் பண்ணிவிடப் போகிறாள் என்று. தட்டையான பிரஷ்ஷை எடுத்தாள். ஒரு மூலையைக் கரும்பச்சையில் தொட்டாள். திருப்பி, மறு மூலையை இளம்பச்சையில் தொட்டாள். ஓர் அட்டையில் ரெண்டு தடவை முன்னும் பின்னும் தேய்த்தாள். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். அவள் முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

செயலாளர் அம்மா இதமாகத்தான் சொன்னார். "அப்படியே அந்தப் பலகையில இருக்கற மாதிரி ஒரு கொடி போட்டுடும்மா, பேச்சு முடிஞ்சுரும்."

அவள் கை நின்றது. "எந்தப் பலகை?"

"வாசல்ல இருக்கே, உன் வீட்டுக்காரர் எழுதினது" என்றேன் நான். "அதுலயும் இதே கொடி, உன் விரிப்புலயும் இதே கொடி. ஒரே கை போட்டதுன்னு குழந்தைகூடச் சொல்லும்."

அதுவரை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம் என்பது அவளுக்குத் தெரியாது. என்னையே பார்த்தாள். பிறகு பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கிக் கழுவினாள், நிதானமாக, இரண்டு சாயமும் போகிற வரைக்கும். வெறும் பச்சையை மட்டும் தொட்டு, துணியில் ஓர் இலை போட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அதைவிட நன்றாகப் போடும். சாயம் வழிந்தது. இன்னொன்று போட்டாள், அது அதைவிட மோசம். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"எனுக்கு இவ்ளோதான் வரும்" என்று எழுந்தாள். "அவுருதான் போட்டுக் குடுத்தாரு. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க." விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சங்கத்துக்கு அதற்கப்புறம் வரவில்லை.

கண்காட்சியில் என் மேசை விரிப்பு வாசலுக்கு நேரே தொங்கியது. கீழே என் பெயர். பெரிய அதிகாரி கைகூப்பிப் பாராட்டினார். எனக்குத்தான் சந்தோஷமே வரவில்லை. அந்தப் பிரஷ்ஷின் இரண்டு மூலையும் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஒரு பிரஷ்ஷில் இரண்டு சாயம் தொட எங்களில் யாருக்கும் தெரியாது. வரையத் தெரியாதவள் கை எப்படித் தானாகத் தொட்டது? வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் எனக்கு ஒட்டவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, சங்கத்திலிருந்து அவள் எடுத்துப் போயிருந்த பிரஷ்களையும் சாய பாட்டில்களையும் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். டம்ளரைத் தொடவே இல்லை, ஆறிக்கொண்டே இருந்தது. சாமான்களை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. நாளைக்குப் பேச்சு வரக்கூடாதே என்று, இரவல் நோட்டை நீட்டி, திருப்பிக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"ஊட்ல போட்டுக் குடுத்தனுப்பறேம்மா" என்றார்.

"ஒரு கையெழுத்துதானே, இங்கேயே போட்டுருங்க" என்றேன். விட்டுவிடுவேனா நான்.

பேனாவை வலக்கையில் பிடித்து, அந்தக் கையை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியும் பேனா முனை தாளில் தடதடவென்று தட்டியது. பெயரின் முதல் எழுத்து போட்டு முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. அடுத்த எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. போதுங்க, போதுங்க என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். இந்தக் கையா பலகை எழுதுகிறது?

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஆர்கிட்டயாச்சும் சொல்லிட்டியாக்கா?" என்றாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் குரலில் இருந்த சந்தேகம் இருக்கிறதே, அதை என்னிடம் யாரும் அதுவரை காட்டியதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. சத்தியம் பண்ணினேன். அதற்கப்புறம்தான் சோப்பைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருசமா கை நடுங்கிகினு கீதுக்கா. வண்டி நம்பருன்னா எய்த்து வெட்டின தகடு வெச்சு அடிக்கறது, எப்டியோ சமாளிச்சுடுவாரு. கையால எழுதற பலகையெல்லாம் ஊட்டுக்கு எடுத்துகினு வந்துடுவாரு. நான் எழுதுவேன். கல்யாணமான புதுசுல அவுருதான் கத்துக் குடுத்தாரு, விளையாட்டுக்கு. ஆருன்னா கதவு தட்னா பிரஷ்ஷ அவுரு கையில குடுத்துட்டு எய்ந்து வந்துடுவேன். இது தெரிஞ்சா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. அன்ஃபிட்டுன்னு எய்திட்டா வேலை பூடும், இந்த ஊடும் பூடும். ரெண்டு பொண்ணுங்கள இட்டுகினு எங்க போறது?"

"அப்புறம் ஏண்டி சங்கத்துல வந்து சேர்ந்தே?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"ஆசைக்கா. எவ்ளோ பலகை எய்திருக்கேன், ஆவடி முய்க்க தொங்குது. ஒண்ணாவது என் பேர்ல இருக்கட்டுமேன்னு ஆசை."

துவைக்கிற கல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பாவி என்று அவளிடமே சொன்னேன். செய்தித் தாளில் திருத்தி எழுதுகிறேன், அந்த விரிப்பு உன் கையால் போட்டதுதான் என்று எல்லாரிடமும் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"வாணாம்" என்றாள் சட்டென்று. "அதான் வாணாம். நான் போட்டேன்னு நீ சொன்னா அந்தப் பலகைய ஆரு போட்டான்னு அடுத்த கேள்வி வரும். நீ இன்னொரு உதவி பண்ணுக்கா. இதுவரிக்கும் இன்னா சொல்லிகினு இருந்தியோ, அதையே சொல்லிகினு இரு. உன் வாய்ல வந்தாதான் குவார்ட்டர்ஸ்ல நம்புவாங்க."

அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. ஆறு வருஷமும் சொன்னேன். சங்கத்தில் சொன்னேன், ரேஷன் வரிசையில் சொன்னேன், திருவேற்காடு கோயிலில் பொங்கல் வைக்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். எங்கேயாவது பலகையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், மனுஷனுக்கு என்ன கை, பெண்டாட்டிக்குத்தான் ஒரு கோடு இழுக்கத் தெரியாது என்று நானே முந்திக்கொள்வேன். என் வீட்டுக்காரர்கூட, "அந்தப் பொண்ணை ஏன் இப்படிக் கரிச்சுக் கொட்டறே, உனக்கு நல்ல மனசே கிடையாதா?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் மூன்றாவது குடம் அவளுடையது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் மெதுவாக என்னிடம், "அவங்க நல்லாப் படம் போடுவாங்களாமே" என்று கண்ணால் காட்டிக் கேட்டாள்.

"அவளா? அவளுக்குப் பிரஷ்ஷைப் பிடிக்கவே தெரியாது" என்றேன், பின்னால் நின்றவள் காதில் விழுகிற மாதிரியே. "எல்லாம் வீட்டுக்காரர் போட்டது. இவ தன் பேர்ல காட்டப் பார்த்தா, நான்தான் கண்டுபிடிச்சேன்."

"ஐயே, பார்த்தா அப்படித் தெரியலையே" என்றாள் புதிதாக வந்தவள்.

என் குடம் நிரம்பி வழிந்தது. அதை நகர்த்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. பின்னால் இருந்தவள் முன்னால் வந்து, என் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். நிமிரும்போது ஈரக் கையால் என் தோளைத் தொட்டுவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.