மினியின் ஆபரேஷனை நான் தள்ளிப்போட்ட காரணம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது டெல்லியில் வேலை. மூன்றாவது மாடி வாடகை வீட்டில் நானும் என் நாய் மினியும் மட்டும்தான்.

அவளுக்கு ஒரு வயதானபோது, கருத்தடை ஆபரேஷன் பற்றிக் கேட்கக் கால்நடை டாக்டரிடம் போனேன். "செஞ்சிடலாம். மயக்கத்துல இருக்கிற நாயைத் தூக்க ரெண்டு பேர் வேணும். உங்ககூட யார் வருவாங்க?" என்று டாக்டர் கேட்டார். இந்த ஊரில் அப்படிச் சொல்ல எனக்கு ஒரு பெயர்கூட இல்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. "இயற்கைக்கு விரோதமா எதுக்கு டாக்டர்? நான் நிறைய படிச்சுப் பார்த்துட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். போனில் அம்மாவிடமும் அதையே சொன்னேன். "நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா?" என்றார் அம்மா.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஜூன் மாதம், மினி சாப்பிடாமல் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். வெயில்தான் காரணம் என்று நானே முடிவு செய்தேன். மூன்றாம் நாள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. இருபத்தைந்து கிலோ, என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. முதல் முறையாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அந்த ஆன்ட்டி போர்வையோடு ஓடிவந்தார். "ஜல்தி, அந்தப் பக்கம் பிடி மகளே! எதிர்லயே இருந்துட்டு ஒரு நமஸ்தேகூடச் சொன்னதில்லையே நீ!"

இருவருமாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பையில் சீழ். முன்பே ஆபரேஷன் செய்திருந்தால் வந்திருக்காது என்றார் டாக்டர். அன்றே கர்ப்பப்பையை எடுத்தார்கள். மினி பிழைத்துக்கொண்டாள்.

தனியாகப் பெண் நாய் வளர்ப்பவர்களே, என்னைப்போல் தள்ளிப்போடாதீர்கள். இப்போதெல்லாம் உதவி வேண்டுமென்றால், சாக்குச் சொல்லாமல் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது.