மூத்தார் கொடுத்த ஒரு வண்டி மண்

நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். செடியின் மண்ணை உதறி, காயைப் பிய்த்துக் கூடையில் போடுகிற வேலை. அப்போதுதான் சேதி சொல்ல ஆள் வந்தார். களத்து ஓரமாக நின்று, தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் வாய் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "பெரியவரு காலையில தவறிட்டாரு" என்றார். என் வீட்டுக்காரர் அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் கையிலிருந்த செடியைக் கீழே போடவில்லை. அதை எங்கே போடுவதென்றே தெரியவில்லை.

இறந்தவர் என் கணவரின் அண்ணன் கருப்பையா. எனக்கு மூத்தார். அவர் பெயரை எழுதுவதற்கே கை கூசுகிறது, வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. கீரமங்கலம் பக்கத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள் உங்களில் பாதிப்பேர் அவரோடு வரப்புச் சண்டை போட்டிருப்பீர்கள். மீதிப்பேர் அந்தச் சண்டையை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். முன்கோபி என்பீர்கள். ஆமாம், முன்கோபிதான். நான் மட்டும் என்ன, வாய் மூடிக் கிடந்தவளா? ஆனாலும் ஒரு சங்கதி உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தார் முன்னால் நின்று பேசக்கூடாது. பேச வேண்டியிருந்தால் பக்கத்தில் நிற்கிற மாட்டைப் பார்த்துப் பேசவேண்டும். மூத்தாரும் மாட்டுக்கே பதில் சொல்வார். அவரிடம் செவலை என்று ஒரு காளை இருந்தது. நான் வாக்கப்பட்டு வந்த நாள் முதல் எங்கள் இருவர் பேச்சும் அந்த வாயில்லாச் சீவன் வழியாகத்தான் நடந்தது. "செவலை, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பேன். "செவலை, வாரேன்னு சொல்லு" என்பார். அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

ராஜா ஆண்ட சமஸ்தானம் போய்ச் சில வருஷங்களில் எங்கள் வீட்டிலும் பாகம் பிரிந்தது. தலைமுறையாகக் கடலை விளைந்த செம்மண் நிலமும் கிணறும் அவர் பக்கம் போயின. எங்களுக்கு வந்தது காரையும் சூரையுமாக முட்புதர் மண்டிக் கிடந்த பொட்டல். பேச்சு முற்றி, அண்ணன் தம்பி இருவரும் முகம் பார்ப்பதை விட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அந்தப் பொட்டலை வெட்டித் திருத்தினோம். மகள் வயிற்றில் இருக்கும்போது நான் சூரை வேர் தோண்டியிருக்கிறேன். அந்த முள் கிழித்த தழும்பு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.

அவ்வளவு பாடுபட்டும் கடலை வரவில்லை. முளைக்கும், ஒரு சாண் வளரும், பிறகு இலையெல்லாம் மஞ்சளாகிச் சோகை பிடித்தாற்போல் நிற்கும். இரண்டு வெள்ளாமை அப்படியே போயிற்று. "இந்தத் தடவையும் இப்புடித்தான்னா வித்துப்புட்டுத் திருச்சிக்கு மில்லு வேலைக்குப் போயிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். ரத்தம் சிந்தித் திருத்திய நிலத்தை விட்டுவிட்டு, யாரோ ஊதுகிற மில் சங்குக்கு எழுந்து ஓடுவதா? நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அந்தச் சமயத்தில்தான் பிளாக் ஆபீசிலிருந்து விவசாய அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் நிலத்தில் காய்ந்து கிடந்த பழைய செடிகளின் வேரை உதறிப் பார்த்தார். கடலையின் வேரில் ஒரு கிருமி குடியிருக்குமாம். காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்குமாம். புதிதாகத் திருத்திய உங்கள் மண்ணில் அந்தக் கிருமி போதவில்லை என்றார். மறுபடி வரும்போது ஒரு குப்பியில் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறின கஞ்சியில் கலந்து, விதைப்பருப்பில் புரட்டி, உலர்த்தி விதைக்கவேண்டும். சொன்னபடியே புரட்டினோம். உலர்த்தியது எங்கே? நல்ல வெயிலில், பாயை விரித்து. ஈர விதையை நிழலில் போடுகிற ஆளை நாங்கள் கண்டதே இல்லை. மத்தியானம் வந்த அதிகாரி பாயைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அத்தனையும் செத்துப்போயிருக்குமேம்மா!" என்றார். சாகிற பொருளைக் கொடுக்கிறவர் முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மழை பெய்திருந்தது. ஈரம் காயுமுன் விதைத்தாக வேண்டும். அடுத்த குப்பி கோயமுத்தூரிலிருந்து வருவதற்குள் விதைக்கிற பட்டம் தப்பிவிடும். "இன்னொரு வழி இருக்கு. நெடுநாளாக் கடலை வெளையிற நிலத்து மண்ணுல இந்தக் கிருமி நெறைய இருக்கும். ஒரு வண்டி மண்ணு கொண்டாந்து உங்க உழவுச் சாலுல தூவுங்க" என்றார் அதிகாரி. அப்படிப்பட்ட நிலம் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். மூத்தாருடையது.

என் வீட்டுக்காரர் போக மறுத்துவிட்டார். பாகம் பிரிந்த நிலத்தில் மண் கேட்பது சாதாரணக் காரியம் இல்லை. இன்றைக்கு மண் கேட்கிறவன் நாளைக்கு வரப்பைக் கேட்பான் என்றுதான் ஊர் பேசும். நான் போனேன். மூத்தார் கொட்டிலில் செவலைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"செவலை, ஒரு வண்டி மண்ணு வேணும்னு ஒன் மொதலாளிகிட்டச் சொல்லு."

"செவலை, மண்ணு குடுக்குறதுக்கில்லன்னு சொல்லிரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாட்டையே திட்டினேன். "நல்ல நெலத்தை எடுத்துக்கிட்டது பத்தலையா? அள்ளிக் குடுக்க மண்ணுக்கும் பஞ்சம் வந்துருச்சான்னு கேளு செவலை!"

மூத்தார் கிணற்றடிக்குப் போனார். அங்கே கிணற்றுத் தண்ணீர் பாய்ந்து இறவையில் நின்ற கடலையில் ஒரு செடியைப் பிடுங்கிவந்து மாட்டின் முன்னால் போட்டார். "பாத்துக்கச் சொல்லு. வேரு பூராவும் சொறி. எத்தனையோ வருசமா இருக்கு, வெளிய சொல்லல. நான் சண்டை போட்டது பாகத்துக்கு. அதுக்காகத் தம்பி நெலத்துல சீக்கைக் கொண்டுபோயிப் போடச் சொல்றாகளான்னு கேளு, செவலை!"

வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் ஒட்டியிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செவலை அந்தச் செடியை வாயில் இழுத்தது. பாதி வேரைத்தான் என்னால் பிடுங்க முடிந்தது. அதிகாரியிடம் காட்டலாமென்று அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். கொடுக்க மனமில்லாத மனிதர் என்று திட்டிவிட்டேன். அவரோ எங்களுக்கு நோய் வந்துவிடக்கூடாதே என்று பயந்துகொண்டு நிற்கிறார்.

மறுநாள் அதிகாரி அந்த வேரோடு மூத்தாரிடம் போனார். நானும் என் வீட்டுக்காரரும் பின்னால் போனோம். சீக்கு முடிச்சாக இருந்தால் வேரே வீங்கியிருக்கும், தேய்த்தால் உதிராது என்று சொல்லி, இதைத் தேய்த்து உதிர்த்துக் காட்டினார். பிறகு கிணற்றடியில் புதிதாக ஒரு செடியைப் பிடுங்கி, ஒரு முடிச்சை நகத்தால் நசுக்கினார். உள்ளே ரத்தம் போலச் சிவப்பு. "இது சொறியில்லங்க. உங்க செடிக்குச் சோறு போடுறதே இதுதான். செவப்பா இருந்தா உசுரோட வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மூத்தார் தானும் ஒரு முடிச்சை நசுக்கி விரலை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். பாகம் பிரிந்தபின் முதல் தடவையாகப் பேசினார். "வண்டியப் பூட்டுடா" என்றார். அவ்வளவுதான்.

அன்று வானம் மூட்டமாக இருந்தது. அப்படியிருந்தும் வெயில் பட்டால் கிருமி செத்துவிடும் என்று அதிகாரியிடம் கேட்டறிந்த மூத்தார், வண்டி மண்ணை ஈரச் சாக்கு போட்டு மூடி, அதன்மேல் தென்னங்கீற்றையும் பரப்பினார். எங்கள் பொட்டலில் அவரே ஏரைப் பிடித்தார். அவர் சால் போட, நான் பின்னாலேயே மண்ணைத் தூவ, என் வீட்டுக்காரர் விதை போட்டு மூடிவந்தார். அந்த வருஷம் கடலை கருகருவென்று நின்றது. நாங்கள் திருச்சிக்குப் போகவில்லை.

அதன்பிறகு அவர் என்னைக் கேலி செய்ய ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. எங்கே பார்த்தாலும் செவலையிடம் கேட்பார்: "கடன் வாங்குன மண்ணை எப்பத் திருப்புறாகளாம்?" "வெளஞ்சதும் தாறேன்னு சொல்லு" என்பேன் நான். செவலை செத்தபிறகு அடுத்த மாட்டிடம் கேட்டார். நோயில் படுத்த பிறகும், கொட்டில் பக்கத்தில் கட்டில் போட வைத்து, படுத்தபடியே மாட்டிடம் அதையே கேட்டார். "தாறேன், தாறேன். எந்திரிச்சு வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றேன். அவர் சிரித்தார். இருமல் வந்து அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

சேதி வந்த அன்று கையிலிருந்த அந்தச் செடியின் வேர்மண்ணை முந்தானையில் உதிர்த்து முடிந்துகொண்டுதான் இழவு வீட்டுக்குப் போனேன். பெண்கள் நாங்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை, ஊர் முச்சந்தியோடு திரும்பிவிட வேண்டும். அதனால் வாசலில் கிடத்தியிருக்கும்போதே முடிச்சை அவிழ்த்தேன். அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவரை நேராகக் கூப்பிட ஒரு சொல்லை நான் வைத்துக்கொள்ளவே இல்லை. குளிர்ந்துபோன அந்தக் கைக்குள் ஒரு பிடி மண்ணை வைத்து மூடினேன். "இந்தாங்க, ஒங்க மண்ணு" என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசியது அது ஒன்றுதான். நெஞ்சு வெடித்து அழுதேன்.

திருப்பிக் கொடுத்தது ஒரு பிடி. மிச்சமெல்லாம் எங்கள் நிலத்தில் இருக்கிறது, அது என்னிடமே இருக்கட்டும். எங்கள் புதுக் கிணற்றடியில் இப்போது இறவைக் கடலை நிற்கிறது. நேற்று ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நசுக்கிப் பார்த்தேன். விரல் சிவந்தது. பக்கத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

"சொல்லிரு, உசுரோட இருக்குன்னு" என்றேன்.