தண்ணீர் ஏறாத வீடு

எங்கள் தெரு முன்னேற்றச் சங்கத்துக்கு இப்போது ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. சென்னையில் ஆபீஸ் முடிந்து மின்சார ரயிலில் நின்றபடியே அதைப் படிப்பேன். காலை வணக்கம், பிள்ளையார் படம், சாக்கடை அடைப்பு, மறுபடியும் பிள்ளையார் படம். போன வாரம், தெருவுக்குப் புது ரோடு வரப்போகிறது என்று யாரோ செய்தி போட்டார்கள். உடனே எதிர்வீட்டு மாமா பேசியே அனுப்பினார்: "இந்த தபாவாவது தண்ணி ஓட வாட்டம் வுட்டுப் போடச் சொல்லுங்கப்பா." அதற்குக் கீழே அப்பா ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தார். நாற்பது வரி எழுதியிருந்தாலும் அவ்வளவு அலுப்பு அதில் தெரிந்திருக்காது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தக் காலத்திலும் அப்பாதான் சங்கச் செயலாளர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். மற்ற யாரும் முன்வராததால் அவர் செயலாளர் ஆனார். ஆரணியில் பட்டுத்தறி ஓடும் தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டுக்கு வீடு குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டுதான் நெய்ய வேண்டும். தெருவில் இருந்ததோ பல்லாங்குழி மாதிரி ஒரு ரோடு. அதை மாற்றச் சொல்லி நகராட்சி ஆபீசுக்கு அப்பா நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. இன்றைக்கு ஆள் இல்லை, நாளைக்கு மீட்டிங், அடுத்த வாரம் பார்க்கலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தறியில் உட்காரக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துகொள்வார்.

கடைசியில் ஒருநாள் தெருவை அளக்க ஓர் இன்ஜினியரம்மா வந்தார். நடுவில் கொஞ்சம் மேடாகவும் இரண்டு ஓரமும் சரிவாகவும் போட்டால்தான் தண்ணீர் சாக்கடைக்குப் போகும் என்று அப்பாவிடம் விளக்கினார். நான் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றேன்.

அன்று பஜனை கோயிலில் சங்கக் கூட்டம். சுண்டலுக்காக நானும் போயிருந்தேன். நடுவில் மேடு என்று அப்பா சொன்னதுதான் தாமதம், எதிர்வீட்டு மாமா எழுந்துவிட்டார்.

"மேடு போட்டா பாவு எங்க நீட்றது? தாங்குக்கட்டை ஒரு பக்கமா ஆடிகினு கெடக்கும். இழை அறுந்தா அந்தம்மாவா வந்து முடி போடும்?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தறியில் ஏற்றும் நீள நூலைப் பாவு என்போம். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்து, கட்டைகள் மேல் தாங்கவைத்து, அறுந்த இழைகளை முடிந்து சுருட்ட வேண்டும். வீட்டு ஆட்கள் மட்டும் போதாது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு கை கொடுத்தால்தான் வெயில் ஏறுவதற்குள் வேலை முடியும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, கட்டை போடும் சத்தம் கேட்டால் வந்துவிடுவார்கள். இதற்குக் கூலி கிடையாது. உன் பாவுக்கு நான், என் பாவுக்கு நீ, அவ்வளவுதான். முன்பு ஒருவர் ஏதோ வழக்கில் தெருவையே பகைத்துக்கொண்டார். அவர் பாவு நீட்டிய காலையில் ஒரு கதவும் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் தறியை விற்றுவிட்டுக் களம்பூர் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

"தண்ணி நிக்கும்னு சொல்றாங்க," என்றார் அப்பா.

"தண்ணி வருஷத்துல நாலு நாள். பாவு வருஷம் பூராவும். எது சோறு போடுது செயலாளரே?"

கைதட்டல் கேட்டது. ரோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அப்பா அதை அப்படியே சங்க நோட்டில் எழுதிக்கொண்டார். கூட்டத்துக்கு எது சரியோ அதுதான் தனக்கும் சரி என்று நினைக்கிறார் என்றே நான் எண்ணிக்கொண்டேன். இன்ஜினியரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கான்ட்ராக்டருக்கு மட்டும் வாயெல்லாம் பல். பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே, கேட்டபடி மட்டமாகப் போட்டுவிட்டுப் போனார். எல்லா வீட்டு வாசற்படியும் ரோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

ரோடு காய்ந்ததும் எதிர்வீட்டு மாமா என்னைக் கூப்பிட்டு நடுரோட்டில் ஒரு கோலிக்குண்டை வைக்கச் சொன்னார். வைத்தேன். அது அசையவில்லை. இடம் மாற்றி வைத்துப் பார்த்தோம். அங்கேயும் அசையவில்லை. தெருவே கைதட்டியது. மாமா அப்பாவுக்கு மாலை போட்டார். மாலையோடு அப்பா அந்தக் கோலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கொஞ்சம் செங்கல்லும் சிமென்ட்டும் வாங்கிவந்து எங்கள் நிலைவாசலுக்கு உள்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டினார்.

"இன்னாங்க இது, வயலுக்குக் கட்ற மாதிரி வரப்பு கட்டிகினு இருக்கீங்க? காலு தட்டி வுழறதுக்கா?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்," என்றார் அப்பா.

எனக்கு அது நல்ல விளையாட்டு. பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தாண்டு, வரும்போது ஒரு தாண்டு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் கொட்டியது. காலையில் பார்த்தால் தெருவில் தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்தது போல் நின்றது. ஓரத்தில் சாக்கடை இருந்தும் அங்கே போக அதற்கு வழியில்லை. வீடுகள்தான் பள்ளம். எல்லா வீட்டிலும் தறிக்குழி நிரம்பிவிட்டது. தெரு முழுக்கப் பக்கெட் சத்தமும் பெண்கள் சாபமும். எங்கள் வீட்டில் மட்டும் குழி காய்ந்து கிடந்தது. தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை அப்படியே இருந்தது. அம்மா அந்தத் தடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அப்பா மேல் வந்த பெருமைக்கு அளவில்லை.

மழை விட்டதும் எதிர்வீட்டு மாமா கணுக்கால் தண்ணீரில் நடந்து எங்கள் வாசலுக்கு வந்தார்.

"எங்கூட்டு பக்கெட்டு ஒடைஞ்சி போச்சி. ஒண்ணு இருந்தா..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் எங்கள் குழியைப் பார்த்தார். பிறகு குனிந்து தடுப்பைப் பார்த்தார். பூச்சின் மேல் விரலால் தட்டிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்து, இறுகிப்போன பூச்சு. மழைக்கு வெகு நாள் முன்பே கட்டியது என்று தொட்டாலே தெரியும்.

"உங்கூட்ல தண்ணி ஏறலியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அப்பா பக்கெட்டை நீட்டினார். மாமா அதை வாங்காமலே திரும்பிப் போய்விட்டார். அவர் வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீடுகளில் ஒவ்வொரு தலையாக எங்கள் வாசல் பக்கம் திரும்பியது.

அப்பா நீட்டிய பக்கெட்டோடு அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அதைப் பின்கட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடப்பாரையோடு வந்தார்.

"துணிமணி, அரிசி எல்லாத்தையும் மேல எடுத்து வை," என்றார் அம்மாவிடம்.

"இன்னா பண்றீங்க? பைத்தியம் கியித்தியம் புடிச்சிடுச்சா?"

அவர் தடுப்பில் ஓங்கிக் குத்தினார். நன்றாகக் கட்டியிருந்ததால் அது சுலபத்தில் உடையவில்லை. மூச்சிரைக்க மூச்சிரைக்கக் குத்தினார். ஒரு செங்கல் பெயர்ந்ததும் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, தறிக்குழிக்குள் இறங்கியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புடவை எப்படியும் தள்ளிப்போகும், அதோடு அந்த மாதக் கூலியும் தள்ளிப்போகும் என்று எனக்கே தெரிந்திருந்தது. நான் கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு, அப்பாவோடு இனி பேசவே கூடாது என்று நினைத்தேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

குழி நிரம்பியதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அவர் சொன்னது எங்கள் வாசல்வரை கேட்டது.

"எங்கூட்லயும் ஏறிடுச்சி மாமா. வந்து ஒரு கை குடுங்க."

மாமா எங்கள் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பழைய எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். உடைந்து கிடந்த செங்கற்களைப் பார்த்தார், அவற்றைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் குழியருகே உட்கார்ந்தார். இருவரும் மாறி மாறித் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். மொண்ட தண்ணீர் தெருவுக்குப் போய், பாதி திரும்பவும் வந்தது. அதற்கு இருவரும் சிரித்தார்கள். இவ்வளவு நஷ்டத்தை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பாவால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

தண்ணீர் வடிந்து, குழி காய்ந்து, அந்தப் புடவையும் ஒருவழியாக முடிந்து, எங்கள் அடுத்த பாவு நூலை அப்பா தெருவில் நீட்டிய காலையில் நான் இன்னும் அவரோடு பேசாமல்தான் இருந்தேன். அவர் முதல் கட்டையை ரோட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார். வழக்கமாக அப்படிப் பார்க்க மாட்டார். ஒரு கதவும் இன்னும் திறக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, அதற்கடுத்து பக்கத்து வீட்டுக் கதவு, அப்புறம் மற்றவை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் அவருக்கு ஏன் வேர்க்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.