கச்சானில் பட்டம் கட்டி இறங்காதீர்கள்

இந்த விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பேசாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. தங்கை வீட்டுக்காரரோடு எனக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. ஆனால் போன ஆகஸ்டில், அதாவது 2009இல், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் நடந்ததை எழுதாமல் விட்டால், இந்த ஜூலையில் அதே இடத்தில் ஒரு உயிர் போகலாம். போகப் போவது யாருடைய உயிர் என்றும் எனக்குத் தெரியும்.

கைட் சர்ஃபிங் என்று ஒரு விளையாட்டு. ஓர் அறை அகலத்துக்குப் பட்டம். அதன் கயிறு இடுப்புப் பட்டையில், காலுக்கடியில் பலகை. காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகலாம். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கை வீட்டுக்காரருக்கு, இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போனவர், கடற்கரையில் ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் முப்பத்தைந்தாயிரம் கொடுத்துப் பட்டமும் பலகையும் வாங்கி வந்தார். ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து ஊர்க் கம்மாய் நிறைந்ததும் அதில் இறங்கிப் பழகினார். எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பந்தலையே பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு மாதத்தில் கம்மாயின் மேற்குக் கரையில் ஏறிக் கிழக்குக் கரையில் இறங்குமளவுக்குத் தேறிவிட்டார். திரும்பி வர, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் நடப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடல் என்றார். தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, தூத்துக்குடிக்குப் போறாக. காத்தப் பத்தி ஒங்களுக்குத்தான தெரியும். நீங்களும் கூட வாங்கண்ணே."

எனக்குத் தெரியும்தான். இயற்பியலில் முதுகலை படித்து, காற்றாலைக் கம்பெனி ஒன்றுக்காக ஆண்டிபட்டிப் பக்கத்துப் பொட்டல்களில் கம்பம் நட்டுப் பதினொரு வருஷம் காற்றை அளந்தவன். நான் எழுதிய அறிக்கைகள் எல்லாம் என்னைவிட எட்டு வயது இளையவர் ஒருவரின் பெயரில்தான் மேலே போயின. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பேச்சு நின்ற கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய மூத்த மகளின் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தாய்மாமன் நான்தான் மாலை போட வேண்டும். வந்த பஸ் பஞ்சராகி, நான் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை தன் சிநேகிதரை விட்டு மாலை போட வைத்துவிட்டார். பூசைக்கு நேரமாகிவிட்டதாம். அரை மணி நேரம் காத்திருந்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா? நான் கொண்டுபோன மாலையைத் திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

உத்தமபாளையத்திலிருந்து அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். வாடகை சுமோ, கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய், டிரைவர் படி இருநூறு. தேனி, உசிலம்பட்டி, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம். ஒரு வழிக்கு 245 கி.மீ. வந்தது. மாப்பிள்ளை முன்னால், நானும் தங்கையும் நடுவில், பட்டம் பின்னால். டிரைவர் உத்தமபாளையத்து ராவுத்தர். உசிலம்பட்டி வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தபடி மனைவியிடம் சொன்னார்: "ஒங்கண்ணனுக்கு ஏசி கூடுதலா இருக்கான்னு கேளு."

"எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றேன்.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்லையாம்" என்றாள் தங்கை.

"எனக்கும் கேட்டுச்சுத்தா" என்றார் ராவுத்தர். "வண்டியில எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒங்களுக்குத்தான் இந்த ட்ரிப்புல படி குடுக்கணும்."

அருப்புக்கோட்டையில் காலைச் சாப்பாடு நான்கு பேருக்கு நூற்றிருபது ரூபாய். இட்லி சுமார், சட்னி நன்றாக இருந்தது. ஒன்பதேகாலுக்குக் கடற்கரை. தூத்துக்குடி நகரிலிருந்து தெற்கே பன்னிரண்டு கி.மீ. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். குற்றம் அந்த ஊருடையது அல்ல.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் உப்பளங்களுக்கு நடுவே மண் பாதை. கரை தட்டையான மணல். நம் பக்கக் கடலில் ஏற்றவற்றம் பெரிதாக இல்லை, இடுப்பளவுகூட வராது. ஆனால் தரை தட்டையாக இருப்பதால் வற்றத்தின்போது முந்நூறு அடிக்கு ஈர மணல் வெளியே வந்துவிடுகிறது. கயிறுகளை விரித்து வைக்க அருமையான இடம். அதற்கப்பால் வெகுதூரம் வரை நெஞ்சளவு ஆழம்தான். பிறகு ஒரு மணல் திட்டு, அதைத் தாண்டினால் ஆழம் கூடித் தண்ணீரின் நிறமே மாறிவிடும்.

அலை என்று ஒன்று இல்லவே இல்லை. மாப்பிள்ளை இறங்கியதும் மலர்ந்துபோனார். "பாத்தியா, நம்ம கம்மா மாதிரியே கெடக்கு!" என்று மனைவியிடம் சொன்னார்.

நான் காற்றுமானியைத் தூக்கிப் பிடித்தேன். மணிக்கு முப்பத்திரண்டு கி.மீ. பொட்டலையும் உப்பளத்தையும் தாண்டி வருவதால் சீராக அடித்தது. பள்ளத்தாக்குக்காரர்களுக்கு மேல்காற்று என்றால் பழகிய காற்று. இங்கே அதன் பெயர் கச்சான். நம் மலையைத் தாண்டி வந்து பந்தலை உலுக்கும் அதே காற்றுதான், இங்கே நிலத்திலிருந்து கடலுக்குள் போகிறது. அலையை அமுக்கித் தண்ணீரைக் கம்மாய்போல் வைத்திருப்பதும் அதுதான். பார்க்கச் சாதுவாக இருப்பதே அதன் ஆபத்து.

தங்கையிடம் சொன்னேன்: "காத்து உள்ளே இழுக்கும். இன்னைக்கு வேண்டாம்னு சொல்லு."

"அண்ணன் காத்து சரியில்லங்குது" என்றாள்.

"ஒங்கண்ணனுக்கு என்னைக்குக் காத்து சரியா அடிச்சிருக்கு?"

ராவுத்தர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு, தண்ணீர் இன்னும் வற்றிக்கொண்டிருந்தபோது, பட்டத்தை ஏற்றினார். அழகாகத்தான் போனார், அதை மறைக்க மாட்டேன். நாற்பத்தாறு வயது ஆள், மஞ்சள் பட்டத்துக்குக் கீழே சாய்ந்து, ஒரு துளி நுரைகூட எழாமல் வழுக்கிக்கொண்டு போனார். தங்கை கைதட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றது.

"அண்ணே, ஏன் திரும்ப மாட்டேங்காக?"

திரும்பத் தெரியாது என்பதுதான் காரணம். எதிர்காற்றில் ஏறி வருவது தனி வித்தை. கம்மாயில் அது தேவைப்பட்டதே இல்லை. அங்கே எந்தக் காற்றும் உங்களை ஏதோ ஒரு கரையில் கொண்டுபோய்த்தான் சேர்க்கும். இங்கே அடுத்த கரை இலங்கை.

பட்டத்தைக் கழற்றிவிட இடுப்பருகே சிவப்பு நிறத்தில் ஒரு கொக்கி உண்டு. அதைத் தள்ளினால் பட்டம் செத்துத் தண்ணீரில் விழும். பட்டத்தோடு வந்ததென்று தங்கை கொடுத்த ஆங்கிலக் கையேட்டில் படித்திருந்தேன். திட்டுக்கு முன்னால் தள்ளினால் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொள்ளலாம். தாண்டிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. அவருக்கும் திட்டுக்கும் நடுவே இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. தங்கை கத்திப் பார்த்தாள். பயத்தில் குரல் வரவில்லை.

நான் ஈர மணலில் ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நின்று, இருக்கிற மூச்சையெல்லாம் போட்டுக் கத்தினேன்.

"மாப்ளே! செவப்பத் தள்ளுங்க! மாப்ளே, விட்ருங்க!"

அவரை இழுத்துக்கொண்டுபோன காற்றே என் குரலையும் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் அப்படியே பார்த்தார். பிறகு கை இடுப்புக்குப் போனது. பட்டம் துவண்டு விழுந்தது. தலை மறைந்தது. அப்புறம் தலை, தோள், நெஞ்சு. எழுந்து நின்றார்.

பக்கத்தில் படகிலிருந்து வலை இழுத்துக்கொண்டிருந்த வள்ளக்காரர்கள் அவரையும் பட்டத்தையும் ஏற்றி வந்தார்கள்.

"எந்தூரு வே நீங்க?"

"தேனிப் பக்கம்" என்றார் ராவுத்தர்.

"கச்சான்ல இதக் கட்டிக்கிட்டு எறங்குனா நேரா கொழும்புதான். பாஸ்போட்டு எடுத்துட்டு வந்தீயளா?"

டீசலுக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

திரும்பும் வழியில் எட்டயபுரம் தாண்டினோம். பிறகு மாப்பிள்ளை, ரோட்டைப் பார்த்தபடியே மனைவியிடம் சொன்னார்: "எதிர்க்கரை வந்துரும்னே நெனச்சேன்." கொஞ்சம் கழித்து, "ஒங்கண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கும். அந்தச் சோடாவக் குடு."

வாங்கிக் குடித்தேன். நன்றி என்று நானும் தங்கையிடம்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

அத்தோடு முடிந்தது என்றிருந்தேன். போன வாரம் தங்கை மறுபடி போன் செய்தாள். எதிர்காற்றில் வரக் கற்றுக்கொண்டுவிட்டாராம். கம்மாயில்தான். இந்த ஜூலையில் கம்பத்து நண்பர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அதே கடற்கரைக்குப் போகப் போகிறாராம். "என் பேச்சக் கேக்க மாட்டேங்காக. நீங்க ஏதாச்சும் பண்ணுங்கண்ணே" என்றாள்.

ஆகவே, அந்தக் கரைக்குப் போக நினைக்கும் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடற்கரையில் மேல்காற்றில் இறங்காதீர்கள், எவ்வளவு கற்றிருந்தாலும் சரி. ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். அப்போது வாடையும் கொண்டலும் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அலை இருக்கும், உடம்பு வலிக்கும், ஆனால் எங்கே விழுந்தாலும் கரையில் ஒதுங்குவீர்கள். வற்றம் எத்தனை மணிக்கு என்று வள்ளக்காரர்களிடம் கேட்டு, தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு இறங்குங்கள். காற்றுமானி தேவையில்லை. ஒரு பிடி காய்ந்த மணலை எடுத்துத் தூவுங்கள். அது கடலைப் பார்த்துப் போனால் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு, அருப்புக்கோட்டையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புங்கள். தனியாகப் போகாதீர்கள். கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

இதற்குக் கீழே என் பெயரைப் போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் எழுதியதில் என் பெயர் இருக்க வேண்டும் என்று பதினொரு வருஷம் சண்டை போட்டவன் நான். மாப்பிள்ளை இதைப் படிப்பார், தங்கை படிக்க வைப்பாள். இரண்டாவது வரியிலேயே யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார். என் பெயர் கீழே இருந்தால், நான் சொல்லிக் கேட்டதாக ஆகிவிடுமே என்பதற்காகவே ஜூலையில் வண்டி ஏறுவார். பெயர் இல்லையென்றால், "எவனோ வெவரமா எழுதியிருக்கான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பட்டத்தை ஜனவரி வரை பரணில் ஏற்றலாம்.

பெயரை எடுத்துவிட்டுத்தான் பதிகிறேன்.