ஆடு அறுபது, ஆள் ஒன்று

திருமங்கலம் சந்தையில் விருமாண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. வியாபாரிகள் வாங்கிய ஆடுகளை ஊர் ஊராக நடத்திக் கொண்டுபோய் ஒப்படைப்பது அவர் பிழைப்பு. கம்பை ஓங்கமாட்டார். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும், மந்தை பின்னால் வரும். எழுபத்து நான்காம் வருஷம் ஒரு வியாபாரி, இலங்கைக் கரையில் இறங்கி ஒப்படைத்துவிட்டு வரச் சொல்லி, அறுபது வெள்ளாடுகளோடு அவரைத் தூத்துக்குடியில் சரக்குத் தோணி ஏற்றினார்.

கீழே வெங்காய மூட்டைகள், மேல்தட்டில் ஆடுகள். அவருக்கென்று இடம் எதுவுமில்லை. ஆடுகளுக்கு நடுவே காலை மடக்கிப் படுத்தார். மறுநாள் தண்ணீர் கேட்டார்.

"ஆட்டுத் தொட்டியில மோந்து குடியும்வே. உமக்குன்னு சீட்டுல ஒண்ணும் எழுதல" என்றான் தோணியை ஓட்டும் தண்டல்.

"சீட்டுல என்னதான் எழுதியிருக்கு?"

தண்டல் சரக்குச் சீட்டை எடுத்து வாசித்தான். "ஆடு அறுபது, உடன் ஆள் ஒன்று."

"எம் பேரு?"

"ஆட்டுக்குப் பேரு எழுதியிருக்கா, உமக்கு எழுத?"

தோணிக்காரர்கள் சிரித்தார்கள். விருமாண்டிக்கு நெஞ்சு எரிந்தது. அந்த அறுபது ஆட்டுக்கும் அவர் பேர் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் கரை வந்தது. ஒரு டாக்டர் ஏறி, ஆடுகளின் வாயையும் கண்ணையும் பார்த்து, இறக்கலாம் என்றார். கரைக்கு இறங்கப் போட்ட பலகையில் விருமாண்டி கால் வைத்ததும், துறைமுகக் குமாஸ்தா சீட்டைப் பார்த்துவிட்டு மறித்தார்.

"பேரில்லாத ஆளை இறக்க முடியாது. ஆடு மட்டும்."

கூலியாட்கள் தள்ளினார்கள், கொம்பைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு ஆடும் இறங்கவில்லை. எல்லாம் திரும்பி வந்து விருமாண்டியின் காலைச் சுற்றியே நின்றன. உச்சிவெயிலில் குமாஸ்தாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சரி, நீயே ஓட்டிக்கிட்டு வா. ஆட்ட ஒப்படைச்சதும் திரும்ப தோணியில ஏறிடணும்."

விருமாண்டி பலகையின் மேல்முனையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"காலையில ஆகாத ஆளு, இப்ப ஆட்டுக்காக ஆகிட்டேனாக்கும். எம் பேரு விருமாண்டி. அத எழுதுங்கய்யா, எறங்குறேன்."

"வெயில் ஏறுது அண்ணாச்சி, வம்பு பண்ணாதேயும்" என்றான் தண்டல்.

"சும்மாரு மாப்ள. ஆட்டுத் தண்ணி குடிச்ச தெம்பு, பொழுது சாயிற வரைக்கும் தாங்கும்."

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். மரியாதை வந்து எழுதினார் என்று சொல்லமாட்டேன், வெயில் எழுதவைத்தது.

"வாசிங்க."

"விருமாண்டி."

"தகப்பன் பேரு கருத்தக்கண்ணன். ஊரு திருமங்கலம். அதையும் எழுதி வாசிங்க."

குமாஸ்தா எழுதி வாசித்தார். விருமாண்டி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, நாக்கை மடித்துச் சத்தம் கொடுத்தபடி பலகையில் இறங்கினார். அறுபதும் பின்னால் இறங்கின.