எண்ணெய் போட்ட மவுஸ்

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். சைக்கிள், தையல் மெஷின், கிணற்றுக் கப்பி எதுவானாலும் ஒருமுறை கழற்றிப் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும். அந்தக் குணம் ஒரு கணினி மவுஸில் வந்து என்னை மாட்டிவிட்டது.

தொண்ணூறுகளின் முதற் பாதி. கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் கணினி வகுப்பு நடந்தது. எங்கோ யாரோ வீட்டில் பாவித்துக் கழித்த ஒரே ஒரு கணினி. மின்சாரம் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர், அதுவும் நாளுக்கு ஒரு மணித்தியாலம். வகுப்பு முடிவில் ஒருவரை அங்கேயே வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போட்டி கடைசியில் எனக்கும் ஓர் அக்காவுக்கும் என்று வந்து நின்றது. அக்கா கடலோரக் கொக்கிளாய்ப் பக்கம். யுத்தத்தில் ஊரைவிட்டு வந்தபின் அவருடைய கணவருக்குக் கடலும் இல்லை, வள்ளமும் இல்லை. அந்தச் சம்பளத்தை நம்பி நாலு வயிறு இருந்தது. எங்கள் வீட்டிலோ வயலாவது இருந்தது.

எங்கள் இருவருக்கும் வைத்த பரீட்சைக்கு முதல் நாள் மவுஸ் விக்கி விக்கி ஓடியது. எல்லாரும் போனபின் அதைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு குண்டு. சைக்கிள் குண்டுகளோடு வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? தூசியைத் துடைத்து, சைக்கிளுக்கென்று பையில் வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, பூட்டிவிட்டுப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். மவுஸ் குண்டு வழுக்கினால் வேலை செய்யாது, உரசினால்தான் செய்யும் என்பது மறுநாள்தான் விளங்கியது.

அக்காவுக்குத்தான் முதல் அரை மணித்தியாலம். மவுஸை எப்படி இழுத்தும் திரையில் அம்பு அசையவில்லை. விசைகளைத் தட்டித் தட்டியே பரீட்சைக்குக் கொடுத்த அட்டவணையைக் கட்டத் தொடங்கினார். பாதிகூட முடியவில்லை. சோதிக்க வந்த ஐயா நேரத்தைக் குறித்துக்கொண்டார். நான் பின்னால் வாய் திறக்காமல் இருந்தேன்.

எழும்பும்போது அக்கா மவுஸைக் கவிழ்த்து மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குண்டை எடுத்துக்கொண்டு தேநீர் அடுப்படிக்குப் போய், மீன் நெய் பிடித்த கையைக் கழுவுவதுபோல் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். உள்ளே இருந்த சின்ன உருளைகளைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பூட்டி என் முன்னால் வைத்தார்.

"இப்ப ஓடும் தம்பி. நீர் இருந்து பரீட்சையைச் செய்யும்."

அம்பு சொன்னபடி கேட்டது. எனக்குத்தான் கை ஓடவில்லை. அவர் இரண்டு சொல் ஏசியிருந்தால் பேசாமல் பரீட்சையை முடித்திருப்பேன். எழும்பி ஐயாவிடம் சொன்னேன்: எண்ணெய் போட்டது நான், அக்கா மறுபடி செய்யட்டும். மிச்ச மண்ணெண்ணெய் ஒருவருக்குத்தான் காணும் என்றார் அவர். நான் கதிரையை விட்டு விலகினேன்.

அக்கா அட்டவணையை முடித்துச் சிறிது நேரத்தில் ஜெனரேட்டர் நின்றது. வேலை அவருக்கே கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். வெளியே சைக்கிளை எடுக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார். இப்போதுதான் ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, அந்த எண்ணெய் மிச்சம் இருக்கே? என்ர சைக்கிள் ஒரேயடியாக் கத்துது. இனி ஒவ்வொரு நாளும் இதிலதான் வரவேணும்."

சங்கிலிக்கும் அச்சுக்கும் போட்டுக் கொடுத்தேன். அழுகிறேன் என்பது தெரியக்கூடாது என்று, முகத்தைச் சில்லுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போட்டேன்.