யாரிடமிருந்து வந்த மெட்டு

வில்லுக்குப் பூசும் ரொசினின் மணமும் பனியில் நனைந்த சப்பாத்துகளின் நெடியும் கலந்த பள்ளி இசையறையில், கேற்றி ஒரு ஸ்கொட்லாந்து மெட்டை வயலினில் தொடங்கிய மூன்றாவது நொடியிலேயே என் இடக்கை விரல்கள் தாமாக அசைந்தன. எனக்கு அது தெரியும்! கனடாவின் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில், சனிக்கிழமைதோறும் சம்மணமிட்டிருந்து நான் படித்த கர்நாடக வயலின் வகுப்பின் "நோட்டு" அது. சங்கராபரணத்தில் துள்ளித் துள்ளி ஓடும் சின்னப் பாட்டு.

எனக்கு அப்போது பதினொரு வயது; கேற்றி என் வகுப்புத்தோழி. பைப், அதாவது தோற்பையோடு கூடிய பக்பைப் குழல், வாசித்த அவளுடைய தாத்தா, ஒரு கொப்பி நிறைய மெட்டுகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அதை யாரிடம் கேட்டுப் படித்தார் என்று பெயர் போட்டிருந்தார். வாசிக்க முன்னர், தனக்குத் தந்தவரின் பெயரைச் சொல்வது அவர்களுடைய வழக்கம்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உது எங்கட நோட்டெல்லே!" என்றார் அம்மா. "யாழ்ப்பாணத்தில பத்து வயசில படிச்சனான். உவைக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"விட்டா, பக்பைப்பும் சுன்னாகத்திலதான் செய்தது எண்டுவீர்," என்று அப்பா சிரித்தார்.

பள்ளி விழாவில் நாங்கள் இருவரும் அதைச் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. கேற்றியின் தாத்தா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் பெயரைத் தான் சொன்னால் அழுதுவிடுவேன் என்று, அறிவிக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தாள். நானோ முன்வரிசையில் அம்மாவைக் கண்ட சந்தோஷப் "புளுகத்தில்", இது யாழ்ப்பாணத்திலிருந்து, என் அம்மாவிடமிருந்து வந்தது என்று அறிவித்துவிட்டேன். போதாததற்கு, நேராக நிற்கவேண்டிய சுரங்களையெல்லாம் கமகம் போட்டு ஆட்டியும் வைத்தேன். கேற்றி பிசகாமல் வாசித்து முடித்தாள். வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள். அதன்பின் என்னோடு பேசவேயில்லை.

மதராஸில் இருந்த வெள்ளைக்காரப் படைகளின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்குத்தான் நம்மவர்கள் சொற்கட்டி நோட்டு ஆக்கினார்கள் என்று சென்ற ஆண்டு படித்தபோது எனக்கு முகம் சுட்டது. அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப உவையிட்ட இருந்துதான் வந்ததோ?" என்றார். "பரவாயில்லை, நல்லாத்தானே வைச்சிருக்கிறம். ஆனா, நீ அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டனியோ?"

அந்த இசையறை இன்றில்லை, கணினிகள் வந்துவிட்டன. கேற்றி மிசிசாகாவில் வேலைசெய்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதினேன், இரண்டே வரியில் பதில் வந்தது: "அவர் பெயரை நீ சொல். உன் அம்மாவின் பெயரை நான் சொல்கிறேன்."

மறுபடி சேர்ந்து வாசிக்க முன்னர் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மாதம் இருவருமாக நூலகத்தில் பழைய பைப் மெட்டுப் புத்தகங்களைப் புரட்டி, இதை மதராஸ்வரை கொண்டுபோனவரைத் தேடப்போகிறோம். கிடைத்தால் மூன்று பெயர் சொல்வோம். கிடைக்காவிட்டால், அந்த வெயிலில் மூச்சுப்பிடித்து ஊதிய யாரோ ஒருவரிடமிருந்து என்று சொல்லிவிட்டு, வில்லைத் தந்தியில் வைப்போம்.